அடைமழைக் காலத்தில் ஒரு சிறு பயணம்

சென்ற ஆண்டு ஐப்பசி மாதக் கடைசியில், ஆஸ்திரியா நாட்டின் தலைநகராகிய வியன்னாவிலிருந்து என் அக்காள் மகன் எனக்கு ஒரு கேள்வி எழுதியிருந்தான். அலுவல் நிமித்தமாக ஒரு மாத காலம் அவன் அங்கே தங்க நேர்ந்தது. இடையில் மூன்று நாள் ஓய்வு கிடைத்தது. "மாமா, இந்த மூன்று நாளில் எங்கே போய் வரலாம்? இங்கே வானத்தை நம்ப முடியவில்லை. காலையில் வெயில் அடிக்கிறது, நண்பகலில் மூடுபனி இறங்குகிறது, மாலையில் மழை. யோசித்து ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்று கைப்பேசியில் கேட்டிருந்தான்.

நான் கடல் கடந்தவன் அல்லன். இராஜபாளையத்துக்குத் தெற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கும் தேவதானத்தில் பிறந்து, அந்த வட்டாரத்துப் பள்ளிகளிலேயே பாடம் சொல்லி, அங்கேயே ஓய்வு பெற்றவன். என்னிடம் ஐரோப்பாவுக்கு வழி கேட்பது, கிணற்றுத் தவளையிடம் கடலைப் பற்றி விசாரிப்பது போலத்தான். ஆயினும் அவன் என்னிடம் கேட்டதற்கு ஒரு காரணம் உண்டு. அது நாற்பது ஆண்டுக்கு முந்திய காரணம். அதைச் சொல்வதற்கு முன், எங்கள் ஊரையும் எங்கள் மழையையும் பற்றிச் சற்றுச் சொல்ல வேண்டும்.

"ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை" என்பார்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் இருபதாம் தேதி வாக்கில் தொடங்கி, டிசம்பர் வரையில் நீடிக்கிறது. தமிழ்நாட்டில் ஓராண்டில் பெய்யும் மழையில் ஏறத்தாழப் பாதி இந்த மூன்று மாதத்திலேயே பெய்துவிடுகிறது. அடைமழை என்று பெயர் இருந்தாலும், இது நாள் தவறாமல் பெய்யும் மழை அன்று. வங்கக் கடலில் ஒரு தாழ்வு நிலை உண்டானால் நான்கு நாள் கொட்டும். பிறகு பத்து நாள் வானம் கழுவித் துடைத்த கண்ணாடி போல் இருக்கும். அந்தப் பத்து நாளைப் போல் அழகான நாள்கள் எங்கள் வட்டாரத்தில் வேறு இல்லை. கண்மாய்கள் நிறைந்திருக்கும், வயல்களில் நாற்று பச்சை கட்டியிருக்கும், மலையின் மடிப்புகளில் வெள்ளிக் கம்பி இழுத்தாற்போல் அருவிகள் தெரியும். பயணம் போக வேண்டும் என்ற ஆசையை எழுப்புவதும் இந்தப் பருவம்தான். போனவரைத் திரும்பவொட்டாமல் நிறுத்துவதும் இந்தப் பருவம்தான்.

தீபாவளிக்கு வரும் வெளியூர் உறவினர்களுக்கு இரண்டு நாள் அவகாசம் இருக்கும். "பக்கத்தில் எங்கேயாவது போய் வரலாமா?" என்று கேட்பார்கள். இடங்களுக்குக் குறைவில்லை. தெற்கே போனால் குற்றாலம். வடக்கே போனால் ஸ்ரீவில்லிபுத்தூர். அதற்கு மேற்கே செண்பகத்தோப்பு. வத்திராயிருப்பு வழியாகத் தாணிப்பாறைக்குப் போய்ச் சதுரகிரி மலை ஏறலாம். இராஜபாளையத்துக்கு மேற்கே அய்யனார் கோயில் ஆறு. எங்கள் ஊருக்கு மேற்கே, காட்டுக்குள், சாஸ்தா கோயில். வெயில் காயும் நாளில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் குற்றமில்லை. ஐப்பசியில் மட்டும் தேர்தல் கடினமாகிவிடுகிறது.

நான் அந்தத் தேர்தலில் ஒரு முறை தவறினேன். 1985-ஆம் ஆண்டு தீபாவளிக்கு என் அக்காளும் அத்தானும் தங்கள் ஏழு வயது மகனோடு வந்திருந்தார்கள். பண்டிகைக்கு இரண்டு நாள் கழித்து, சாஸ்தா கோயிலுக்குப் போகலாம் என்று நான்தான் சொன்னேன். முதல் நாள் இரவு வானொலியில் வானிலை அறிக்கை கேட்டோம். ஓரிரு இடங்களில் மழை பெய்யக்கூடும் என்று சொன்னார்கள். அறிக்கையில் குற்றமில்லை. கேட்ட நாங்கள் ஒவ்வொருவரும் அந்த ஓரிரு இடம் வேறு யாருடைய ஊரோ என்று எண்ணிக்கொண்டோம், அவ்வளவுதான்.

காலையில் வானம் தெளிவாக இருந்தது. தூக்குச்சட்டியில் புளியோதரையும் தயிர்ச்சாதமும் எடுத்துக்கொண்டு புறப்பட்டோம். ஓடையை அடைந்தபோது கணுக்கால் அளவு நீர் ஓடிக்கொண்டிருந்தது. கூழாங்கற்களை எண்ணிவிடலாம், அவ்வளவு தெளிவு. அக்கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் ஆடுகளை ஓட்டிக்கொண்டு இக்கரைக்கு வந்துகொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் நின்று, "ஐயா, மேலே கறுத்துக் கிடக்கு. சாப்பாட்டை இந்தக் கரையிலேயே வச்சுச் சாப்பிட்டுட்டுத் திரும்பிருங்க" என்றார்.

நான் அண்ணாந்து பார்த்தேன். எங்கள் தலைக்கு மேல் நீலவானம். மலை உச்சியில் மட்டும் ஒரு கரிய படலம். ஆடு மேய்ப்பவருக்குத் தெரிந்தது ஆசிரியனுக்குத் தெரியாதா என்ற எண்ணம் எனக்கு வந்ததோ என்னவோ, இன்று ஒப்புக்கொள்கிறேன், வந்துதான் இருக்க வேண்டும். "பத்து வருஷமாக வந்து போகிற இடம்தானே, தாத்தா" என்று சிரித்துவிட்டு நடந்தேன். அக்காளுக்குக் கால்வலி. அவள் சாப்பாட்டோடு இக்கரையிலேயே ஒரு மரத்தடியில் உட்கார்ந்துகொண்டாள். நானும் அத்தானும் பையனும் கடந்தோம்.

அரைமணி நேரம் கழிந்திருக்கும். திரும்பி ஓடைக்கு வந்தோம். முதலில் கண்ணில் பட்டது நீரின் நிறம். தெளிந்திருந்தது செம்மண் நிறமாய் மாறியிருந்தது. சருகுகளும் சுள்ளிகளும் மிதந்து வந்தன. பிறகு ஓர் ஓசை. தூரத்தில் லாரி ஏறி வருவதுபோன்ற ஓசை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கணுக்கால் நீர் முழங்கால் நீராயிற்று. முழங்கால் நீர் இடுப்பளவாயிற்று. எங்கள் மேல் ஒரு துளி மழை விழவில்லை என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

இதன் காரணத்தைப் பிறகு மாணவர்களுக்குப் பலமுறை கரும்பலகையில் வரைந்து காட்டியிருக்கிறேன். கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலையில் மோதி மேலே ஏறுகிறது, ஏறக் குளிர்கிறது, குளிர்ந்து மழையாகிறது. ஆகவே சமவெளியில் வெயில் காயும்போதே உச்சியில் கொட்டலாம். அங்கே இருப்பது பாறைச் சரிவு. நீரை உறிஞ்சி வைக்க மண் குறைவு. பெய்த நீர் முழுவதும் சில கிலோமீட்டர் தூரத்தில் சரிந்து ஒரே ஓடையில் வந்து விழுகிறது. பெரிய ஆற்றில் வெள்ளம் வர ஒரு நாள் ஆகும். மலை ஓடையில் வெள்ளம் வர ஒரு நாழிகை போதும். இவ்வளவும் எனக்கு அன்றைக்கும் தெரியும். தெரிந்திருப்பது வேறு, நம்புவது வேறு.

அதற்குப் பிறகு நான் செய்ததுதான் பெரும் பிழை. இன்னும் ஏறுவதற்குள் கடந்துவிடலாம் என்று பையனைத் தோள்மேல் தூக்கிக்கொண்டு நீரில் இறங்கினேன். மூன்றாவது அடியில் காலின் கீழ் இருந்த கல் புரண்டது. ஒரு முழங்கால் மடிந்தது. என் தலையைக் கட்டிக்கொண்டிருந்த அந்தப் பிஞ்சுக் கைகள் என் கண்களை மூடிக்கொண்டன. அத்தான் பின்னாலிருந்து என் சட்டையைப் பற்றி இழுத்திராவிட்டால், இந்தப் பேச்சைப் பேச நான் இருந்திருக்க மாட்டேன். வியன்னாவிலிருந்து கேள்வி கேட்க அவனும் இருந்திருக்க மாட்டான்.

அக்காள் எதிர்க்கரையில் நின்றுகொண்டிருந்தாள். நீரின் இரைச்சலில் அவள் குரல் எங்களுக்குக் கேட்கவில்லை. எங்கள் குரல் அவளுக்குக் கேட்கவில்லை. இருட்டும் வரையில் அவள் உருவத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம். இருட்டிய பின் அதுவும் இல்லை. இரவு பத்து மணி சுமாருக்கு அரிக்கேன் விளக்குகள் வந்தன. ஆடு மேய்த்த பெரியவரே ஊருக்குள் போய் ஆள்களையும் கயிற்றையும் கூட்டி வந்திருந்தார். நீர் வடியும்வரை காத்திருந்து, கயிற்றைப் பிடித்துக்கொண்டு கடந்தோம். அந்தப் பெரியவர் என்னை ஒரு வார்த்தை குறை கூறவில்லை. அக்காள் மகனின் தலையை முந்தானையால் துடைத்துக்கொண்டே, என் முகத்தைப் பாராமல், "தம்பி, இனிமேல் போகிற இடத்தைப் பார்க்காதே, திரும்பி வருகிற வழியைப் பார்" என்றாள்.

நேயர்களே, மழைக்காலத்துப் பயணத்தைப் பற்றி நான் அறிந்ததெல்லாம் அந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கிவிடும். இடம் எவ்வளவு அழகானது என்பது இரண்டாவது கேள்வி. அங்கிருந்து திரும்பும் வழியில் நீர் குறுக்கிடுகிறதா என்பதே முதல் கேள்வி.

சதுரகிரிப் பாதை ஓடைகளைத் தாண்டித் தாண்டித்தான் செல்கிறது. 2015-ஆம் ஆண்டு மே மாதம் அங்கே திடீர் வெள்ளம் வந்து யாத்திரிகர் பலர் உயிரிழந்தனர். 2024-ஆம் ஆண்டு மே மாதம் பழைய குற்றாலத்தில் நொடிப்பொழுதில் பெருகிய வெள்ளம் ஒரு சிறுவனைக் கொண்டுபோயிற்று. இரண்டும் கோடையில் நிகழ்ந்தவை. கோடை மழைக்கே இந்த வேகம் என்றால், அடைமழைக் காலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இப்போது மழை மிகுந்தால் வனத்துறையினர் மலைப்பாதையை அடைத்துவிடுகிறார்கள். குற்றாலத்தில் நீராடத் தடை விதிக்கிறார்கள். "இவ்வளவு தூரம் வந்தோமே" என்று அவர்களோடு வாதாடும் அன்பர்களைப் பார்க்கும்போது எனக்கு என் சிரிப்பும், "பத்து வருஷமாக வந்து போகிற இடம்" என்று நான் சொன்னதும் நினைவுக்கு வரும்.

நிறுத்துகிறவர்களை நாம் தடை செய்கிறவர்களாகவே பார்க்கிறோம். 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் தேதி இரவு, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நிறுத்தப்பட்டது. சுமார் 800 பயணிகள் அதில் இருந்தார்கள். அந்த மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் பெய்தது சுமார் 95 சென்டிமீட்டர். அந்தச் சீமைக்கு ஓராண்டு மழையைவிட அதிகம். பயணிகளில் பெரும்பாலோர் இரண்டு நாள் அங்கேயே சிக்கிக் கிடந்தார்கள். அக்கம்பக்கத்து ஊரார் தங்கள் வீட்டு அரிசியைப் பொங்கிக் கொடுத்தார்கள். ரயில் நிற்காமல் போயிருந்தால்? முன்னே தண்டவாளத்தின் கீழிருந்த கற்களையும் மண்ணையும் வெள்ளம் அரித்துச் சென்றிருந்தது. தண்டவாளம் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. நின்ற ரயில்தான் ஊர் போய்ச் சேர்ந்தது என்று சொல்ல வேண்டும்.

அப்படியானால் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வீட்டைவிட்டு வெளியே போகவே கூடாதா என்று கேட்பீர்கள். போகலாம், போகத்தான் வேண்டும். மழை வந்தாலும் கெடாத இடமாக, பாதியில் நிறுத்தினாலும் நஷ்டமில்லாத பயணமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். எங்கள் பக்கத்தில் அதற்கு ஓர் அருமையான ஏற்பாடு இருக்கிறது. சங்கரன்கோவில், கரிவலம்வந்தநல்லூர், தாருகாபுரம், தென்மலை, தேவதானம் என்னும் ஐந்து ஊர்களும் தென்பாண்டி நாட்டின் பஞ்சபூதத் தலங்கள் என்று போற்றப்படுபவை. சங்கரன்கோவில் மண், கரிவலம்வந்தநல்லூர் நெருப்பு, தாருகாபுரம் நீர், தென்மலை காற்று, எங்கள் தேவதானம் ஆகாயம். சோழன் அனுப்பிய நஞ்சு தோய்ந்த ஆடையிலிருந்து பாண்டியனைக் காத்தமையால் இங்குள்ள இறைவனுக்கு நச்சாடை தவிர்த்தருளிய சுவாமி என்று பெயர் வழங்குகிறது. சிவராத்திரியன்று ஐந்து தலங்களையும் ஒரே நாளில் வலம் வருபவர்கள் உண்டு.

நான் இப்போது உறவினரை இந்த வழியில்தான் அழைத்துச் செல்கிறேன். சாலை வழி, ஊருக்கு ஊர் பேருந்து. மழை பிடித்துக்கொண்டால் கல் மண்டபத்தில் ஒதுங்கி நிற்கலாம். மண்டபத்தில் நின்று மழையைப் பார்ப்பதும் ஒரு காட்சிதான். இரண்டு ஊரோடு நிறுத்திக்கொண்டாலும் இரண்டு ஊர் பார்த்த நிறைவு இருக்கும். மறுநாள் வெயில் அடித்தால் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய், ஆண்டாள் கோயிலின் பதினொரு நிலைக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, சூடு ஆறாத பால்கோவாவை இலையில் வாங்கித் தின்னலாம். மழை பெய்தாலும் பால்கோவாவின் ருசி குறைவதில்லை.

இனி வியன்னாவுக்கு வருவோம். என் மருமகன் மூன்று இடங்களை எழுதியிருந்தான். ஒன்று, ஹால்ஷ்டாட் என்னும் ஏரிக்கரைச் சிற்றூர். மலைக்கும் ஏரிக்கும் இடையே ஒட்டிவைத்தாற்போன்ற வீடுகள். படத்தில் பார்த்தாலே உள்ளம் கொள்ளை போகும். இரண்டாவது, இத்தாலியில் கடலுக்குள் மிதப்பதுபோல் கட்டப்பட்ட வெனிஸ் நகரம். மூன்றாவது, ஸ்லோவாக்கியா நாட்டின் தலைநகராகிய பிராட்டிஸ்லாவா. வியன்னாவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம்.

அவனிடம் ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஹால்ஷ்டாட்டுக்கு ரயிலில் மூன்றரை மணி நேரம். நடுவே வண்டி மாற வேண்டும். அது போகட்டும். ரயில் நிலையம் ஏரியின் ஒரு கரையில், ஊர் மறு கரையில், இடையே படகு. இதைப் படித்தவுடன் எனக்கு ஒரு கணம் செம்மண் நீர் கண்முன் ஓடிற்று. நவம்பர் கடைசியில் அங்கே மாலை நான்கு மணி கழிந்தவுடனேயே சூரியன் மறைந்துவிடுகிறது. பகற்பொழுது ஒன்பது மணி நேரம்கூட இல்லை. பழனியில் நாம் காணும் ரோப் காரைப் போல் ஆல்ப்ஸ் மலை உச்சிகளுக்குச் செல்லும் கூண்டு வண்டிகளில் பல, கோடைக்கும் பனிக்காலத்துக்கும் இடைப்பட்ட நவம்பரில் ஓடுவதில்லை. மூடுபனி இறங்கினால் மலையும் தெரியாது, ஏரியும் தெரியாது.

வெனிஸுக்கு இலையுதிர் காலமே வெள்ள காலம். 1966-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் தேதி அங்கே கடல்நீர் அளவுக்குறிக்கு மேல் 194 சென்டிமீட்டர் ஏறிற்று. அதே நாளில் பிளாரன்ஸ் நகரத்தை ஆர்னோ நதி மூழ்கடித்தது. 2019 நவம்பரில் வெனிஸில் மீண்டும் 187 சென்டிமீட்டர். 2020-ஆம் ஆண்டு முதல் கடல்வாயில் தடுப்புக் கதவுகள் எழுப்பி நீரை நிறுத்துகிறார்கள். ஆயினும் போக ஒரு பகல், வர ஒரு பகல் என்று இரண்டு நாளை ரயிலிலேயே கழித்துவிட்டு, எஞ்சிய ஒரு நாளை வானத்தின் கையில் கொடுப்பது நல்ல வியாபாரமாக எனக்குப் படவில்லை.

"பிராட்டிஸ்லாவாவுக்குப் போ. காலையில் வானத்தைப் பார்த்துப் பயணச்சீட்டு வாங்கு. மழை வந்தால் அடுத்த ரயிலில் திரும்பு. மற்ற இரண்டு நாளும் வியன்னாவின் அருங்காட்சியகங்களைப் பார், கூரையின் கீழ் இருக்கும் அழகுக்கு மழை பயமில்லை" என்று எழுதினேன்.

அவன் அப்படியே செய்தான். டான்யூப் நதிக்கரைக் கோட்டையையும் பழைய நகரத்தின் குறுகிய தெருக்களையும் தூறலில் நனைந்துகொண்டே பார்த்துவிட்டு மாலையில் திரும்பினான். ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. திங்கட்கிழமை அவனுடைய அலுவலக நண்பர் ஒருவர் ஹால்ஷ்டாட்டிலிருந்து திரும்பி வந்து படங்களைக் காட்டினாராம். மேகமே இல்லாத வானம். ஏரியில் மலை தலைகீழாய்த் தெரிகிறது. "மாமா, உங்கள் பேச்சைக் கேட்டு ஒரு பொன்னான நாளை இழந்துவிட்டேன்" என்று எழுதியிருந்தான். வேடிக்கையாகத்தான் எழுதியிருந்தான், வருத்தமும் கொஞ்சம் கலந்திருந்தது.

அவனுக்கு நான் பதில் எழுத இரண்டு நாள் ஆயிற்று. பிறகு இவ்வாறு எழுதினேன்: "அப்பா, நண்பர் கண்டது நல்ல நாள், அதற்காக மகிழ்ச்சி கொள்வோம். ஆனால் நாள் நன்றாக அமைந்துவிட்டதால் தேர்தலும் நன்றாக இருந்தது என்று கொள்ளாதே. 1985-இல் மலைமேல் மழை பெய்யாமல் போயிருந்தால், நான் செய்தது சரியென்றே இன்றுவரை எண்ணிக்கொண்டிருப்பேன். அடுத்த ஐப்பசியில் இன்னொருவர் வீட்டுப் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கியிருப்பேன். தேர்ந்தெடுக்கும் வேளையில் நமக்கு என்ன தெரிந்திருந்தது என்பதைக் கொண்டுதான் ஒரு முடிவை அளக்க வேண்டும். நீயும் நண்பரைப் போல் தனி ஆளாய், கையில் நாளும் பணமும் மிச்சம் வைத்துக்கொண்டு, அக்கரையில் ஓர் இரவு தங்க நேர்ந்தாலும் தங்கலாம் என்ற ஏற்பாட்டோடு போயிருந்தால், நானே ஹால்ஷ்டாட்டுக்குப் போ என்றிருப்பேன்."

இன்று நமக்கு உதவிகள் மிகுந்திருக்கின்றன. மாவட்டம் மாவட்டமாக மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறம் காட்டி வானிலை ஆய்வு மையத்தார் எச்சரிக்கிறார்கள். அந்த நிறங்களை மதியுங்கள். அத்துடன், போகும் ஊரில் ஆடு மேய்ப்பவரோ, தேநீர்க் கடைக்காரரோ, பேருந்து நடத்துநரோ ஒரு வார்த்தை சொன்னால் அதையும் மதியுங்கள். மாவட்டத்துக்கு வரும் மழையை ஆய்வு மையம் சொல்லும். அந்த ஓடைக்கு வரும் நீரை அவர்தாம் சொல்ல முடியும். துணைக்கு வருகிறவர்களில் மிகவும் இளையவர் யார், மிகவும் முதியவர் யார் என்று பார்த்து, அவர்களுடைய காலைக் கொண்டு தூரத்தை அளந்துகொள்ளுங்கள். மூன்று நாள் கிடைத்தால் இரண்டு நாளுக்குத் திட்டம் போடுங்கள். மூன்றாவது நாளை மழைக்கு என்று ஒதுக்கி வையுங்கள். மழை அதை எடுத்துக்கொள்ளாவிட்டால் அது உங்களுக்கு ஆதாயம்.

என் அக்காளுக்கு இப்போது எண்பது வயது நெருங்குகிறது. அந்த ஓடையைப் பற்றி அவள் பிறகு ஒரு நாளும் பேசியதில்லை. மகன் பிராட்டிஸ்லாவாவுக்குப் போன அன்று இரவு எனக்குத் தொலைபேசியில் பேசினாள். எங்கே போனான், என்ன பார்த்தான் என்று கேட்கவில்லை. "தம்பி, திரும்பிவிட்டானா?" என்று கேட்டாள். "திரும்பிவிட்டான், அக்கா" என்றேன். "சரி" என்று சொல்லி வைத்துவிட்டாள்.